டானா 35 போய் ஃபோர்டு 8.8 வந்த கதை: உயர்த்திய ராங்லர் ஒன்றுக்கு ஆக்ஸில் மாற்றிய நிகழ்வு ஆய்வு

முதலில் வண்டியைச் சொல்லிவிடுகிறேன். 2001 ஜீப் ராங்லர், டிஜே தலைமுறை. 4.0 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், ஐந்து கியர் மேனுவல். நான்கு அங்குலம் உயர்த்தி, 35 அங்குல டயர் மாட்டியது. பின்னால் டானா 35 ஆக்ஸில், முன்னால் டானா 30 (டானா கம்பெனி பெயர், எண் மாடல்), இரண்டிலும் 3.07 விகிதம்; அதாவது எஞ்சின் விசையை ஆக்ஸிலுக்குக் கொண்டுவரும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் 3.07 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். பின் டிஃபரன்ஷியலுக்குள் (இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் பகுதி) தானாகப் பூட்டிக்கொள்ளும் லாக்கர் ஒன்று இருந்தது; பூட்டினால் இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுற்றும். பழைய உரிமையாளர் போட்டது. இப்போதைய உரிமையாளர் என்னோடு வேலை பார்க்கும் தம்பி. நாங்கள் இருவரும் இருப்பது அரிசோனாவில், ஃபீனிக்ஸ் பக்கம்.

முறிந்தது யூட்டா மாநிலத்து மோவாபில், ஹெல்ஸ் ரிவெஞ்ச் தடத்தில். அங்குள்ள மணற்பாறையை வழுக்குப்பாறை என்கிற அர்த்தத்தில் ஸ்லிக்ராக் என்பார்கள். குதிரையில் வந்தவர்கள் வைத்த பெயர் அது; இரும்பு லாடத்துக்குத்தான் அந்தப் பாறை வழுக்கும். ரப்பர் டயருக்கு அது உப்புத்தாள் மாதிரி. டயர் வழுக்கிச் சுற்றினால் ஆக்ஸில் தப்பிக்கும். இங்கே டயர் லேசில் வழுக்காது.

ஏற்றத்தில் வலது பின் சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டது. பாரம் முழுக்க இடது பின் சக்கரத்தில். தம்பி கொஞ்சம் அவசரப்பட்டு மிதித்தான். டயர் இரண்டு முறை துள்ளியது, மூன்றாவது துள்ளலில் சுத்தியலால் இரும்புக் குழாயைத் தட்டியது போல ஒரு சத்தம்.

"அண்ணா, கியர் போயிடுச்சா?"

"கியர் இல்லடா. ஆக்ஸில் கட்."

நான் நாமக்கல்காரன். லாரிப் பட்டறைச் சத்தத்தில் வளர்ந்தவனுக்கு அந்தச் சத்தம் தெரியும். ஆனால் அடுத்து நடந்ததை நாமக்கல்லில் நான் பார்த்ததில்லை. வண்டியை மெல்லப் பின்னுக்கு விட்டபோது இடது பின் சக்கரம் வண்டியை விட்டு வெளியே நகர ஆரம்பித்தது. நான்கு விரல் அளவு வந்துவிட்டது. கல்லை வைத்து வண்டியை நிறுத்தி, சக்கரத்தை உள்ளே தள்ளி, பின் ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிப் போட்டு, முன் சக்கரங்களை மட்டும் நம்பி, கூட வந்த ஜீப் கயிற்றில் பிடிக்க, ஒன்றரை கிலோமீட்டர் வெளியே வருவதற்குள் இருட்டிவிட்டது.

லாரியில் ஏன் இப்படி ஆவதில்லை? லாரியில் சக்கரத்தின் ஹப், ஆக்ஸிலின் வெளிக்கூடான ஹவுசிங்கின் மேலேயே பேரிங்கில் உட்கார்ந்திருக்கும். ஆக்ஸில் ஷாஃப்ட் சுற்றுவதற்கு மட்டும்தான். வண்டியின் பாரம் அதன் மேல் இல்லை. முறிந்தால் ஹப்பின் முகத்தில் இருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி, ரோட்டோரத்திலேயே உருவிப் புதியதைச் செருகலாம். சக்கரம் இருந்த இடத்தில் இருக்கும். டானா 35 அப்படியல்ல. சக்கரம் நேராக ஷாஃப்டின் முனையிலேயே மாட்டியிருக்கும், ஷாஃப்டே பாரத்தையும் சுமக்கும். டிஜேயில் வந்த டானா 35-ல் அந்த ஷாஃப்டை வெளியே வராமல் பிடித்திருப்பது டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் ஒரு சின்ன சி வடிவ வளையம், சி-கிளிப் என்பார்கள். அந்த வளையத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஷாஃப்ட் முறிந்தால், சக்கரத்தைப் பிடித்துவைக்க எதுவும் மிச்சமில்லை. டிரம் பிரேக் என்றால் இன்னும் மோசம். டிரம்மும் சக்கரத்தோடு சேர்ந்தே வந்துவிடும்.

முறிந்த துண்டு சொன்னது

வீட்டுக்கு வந்து ஹவுசிங் மூடியைத் திறந்தோம். முறிந்த முகத்தைத் துடைத்துப் பார்த்ததில் இரண்டு நிறம் தெரிந்தது. ஓரத்தில் பிறை வடிவத்தில் மங்கலான, துரு பிடித்த, கடற்கரையில் அலை விட்டுப்போன கோடுகள் மாதிரி ஒரு பகுதி. மீதி முழுக்கப் பளபளவென்று, உடைத்த வெல்லம் போல் சொரசொரப்பாக. மங்கலான பகுதி பழைய விரிசல். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. பளபளப்பு அன்று ஒரே நொடியில் முறிந்தது. மோவாப் பாறை குற்றவாளி இல்லை, கடைசிக் கையெழுத்து மட்டும்தான் அதனுடையது.

இன்னும் முறியாத வலது ஷாஃப்டை உருவியபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஷாஃப்டின் முனையில் வெட்டியிருக்கும் ஸ்பிளைன் பற்கள் நேராக ஓட வேண்டியவை, முறுக்குப் பிழிந்தது போல் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தன. அதுவும் வரிசையில்தான் நின்றிருந்தது.

தம்பியின் முதல் யோசனை, அதே ஷாஃப்டைப் புதிதாக வாங்கி மாட்டிவிடலாம் என்பது. சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம்.

கைக்கணக்கு

எஞ்சின் 319 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும். முதல் கியர் 4 மடங்கு, முன் பின் ஆக்ஸிலுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஞ்ச் 2.72 மடங்கு, ஆக்ஸில் 3.07 மடங்கு. எல்லாம் பெருக்கினால் பத்தாயிரத்துச் சொச்சம். அவ்வளவும் ஷாஃப்டுக்குப் போய்ச் சேராது, டயர் அதற்கு முன்பே வழுக்கிவிடும். ஆகவே ஷாஃப்ட் எவ்வளவு தாங்க வேண்டும் என்பதை முடிவு செய்வது எஞ்சின் அல்ல. டயரின் பிடியும், அதன் மேல் நிற்கும் பாரமும், டயரின் ஆரமும்.

ஏற்றத்தில் ஒற்றைச் சக்கரத்தில் 900 கிலோ நிற்கிறது, பாறைப் பிடி முழுசாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், கம்பெனி கொடுத்த 28 அங்குல டயரில் வழுக்குவதற்கு முன் ஷாஃப்ட் மேல் வருவது 3,000 நியூட்டன் மீட்டர் சொச்சம். அதே இடத்தில் 35 அங்குல டயர் என்றால் 3,800 பக்கம் போய்விடும். டயரை மாற்றியதாலேயே கால் பங்கு கூடிவிட்டது. இது சக்கரம் அமைதியாகத் தரையில் நிற்கும்போது போடும் கணக்கு. துள்ளிக் குதித்துப் பாறையில் இறங்கும்போது வரும் அடி இதைவிடப் பல மடங்கு.

லாக்கரின் பங்கையும் சேர்க்க வேண்டும். பூட்டாத டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் தூக்கினால் விசை அந்தரத்தில் சுற்றியே வீணாகிவிடும். வண்டி நிற்கும், ஆக்ஸில் பிழைக்கும். லாக்கர் இருந்தால் எல்லாம் தரையில் இருக்கும் சக்கரத்தின் ஷாஃப்டுக்கே போகும். டானா 35-ல் 35 அங்குல டயரும் லாக்கரும் சேர்த்துப் போடுவது, என் அபிப்பிராயத்தில், முறிவுக்கு நாள் குறிப்பது.

இப்போது ஷாஃப்டின் பக்கம். ஒரே தரமான இரும்பு என்றால், முறுக்கைத் தாங்கும் பலம் விட்டத்தின் மும்மடிப்படி கூடும். டானா 35-ன் ஷாஃப்ட் 27 ஸ்பிளைன், 1.18 அங்குலம். அதை 1 என்று வைத்தால், ஜீப் செரோக்கியில் 1997-க்குப் பிறகு வந்த 29 ஸ்பிளைன் கிறைஸ்லர் 8.25-ன் 1.21 அங்குலம் 1.08 மட்டுமே. டானா 44-ன் 30 ஸ்பிளைன், 1.31 அங்குலம், 1.37. ஃபோர்டு 8.8-ன் 31 ஸ்பிளைன், 1.32 அங்குலம், 1.40. டானா 60-ன் 35 ஸ்பிளைன், 1.5 அங்குலம், இரண்டு மடங்குக்கு மேல்.

இந்த எண்களை டயரோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 35 அங்குல டயர் 25 சதவீதத்தை முதலிலேயே தின்றுவிடுகிறது. 8.25 கொடுக்கும் 8 சதவீதம் டயருக்கே போதாது. டானா 44 கொடுக்கும் 37-ல் நமக்கு மிஞ்சுவது கையளவுதான். "44 போட்டுட்டேன், இனிமே கவலையில்ல" என்று சொல்பவர்கள் பலரும் 28 அங்குல டயரை மனதில் வைத்துச் சொல்கிறார்கள்.

யார் யாரைப் பார்த்தோம்

முதலில், டானா 35-ஐயே பலப்படுத்தும் கிட். 30 ஸ்பிளைன், 1.31 அங்குலக் கலப்பு எஃகு ஷாஃப்டும் அதற்குப் பொருந்தும் லாக்கரும் சேர்த்து வரும். ஷாஃப்ட் பிரச்சினை தீரும். ஆனால் ஷாஃப்டுகளைச் சுற்றவைக்கும் பெரிய பல்சக்கரமான கிரௌன் வீல் அதே 7.58 அங்குலம், ஹவுசிங் குழாயும் அதே மெலிசு. ஷாஃப்ட் முறியாவிட்டால் அடி அடுத்து எங்கே போகும் என்று யோசித்தால் கிரௌன் பற்கள். நூறு டாலர் இடத்தை விட்டு ஆயிரம் டாலர் இடத்துக்கு முறிவை நகர்த்துவது போல. கைவிட்டோம்.

அடுத்து டிஜேக்கென்றே வந்த டானா 44. அளவெடுத்துத் தைத்த சட்டை. போல்ட் கழற்றி போல்ட் மாட்டினால் முடிந்தது. 8.5 அங்குல கிரௌன். சி-கிளிப் இல்லை, ஷாஃப்டை வெளி முனையில் பேரிங்கும் தகடும் பிடித்திருக்கும், உள்ளே முறிந்தாலும் சக்கரம் ஓடிவிடாது. என் மனசுக்குப் பிடித்தது இதுதான். எல்லார் மனசுக்கும் பிடித்திருப்பதால் விலை அப்படி. நாங்கள் பார்த்த ஒன்றுக்குக் கேட்ட காசில் ஃபோர்டு ஆக்ஸிலை வாங்கி, வெல்டிங்கும் முடித்து, மீதியில் மோவாபுக்கு இன்னொரு முறை போய்வரலாம்.

ஃபோர்டு 9 அங்குலம் பேர்போன ஆக்ஸில். ஆனால் அதில் கிரௌனைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியன் ரொம்பக் கீழே உட்கார்ந்திருக்கும். டிஜேயின் வீல்பேஸ் 93.4 அங்குலம்தான், பின் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் முழங்கை நீளத்துக்குக் கொஞ்சம் கூட. உயர்த்திய வண்டியில் ஏற்கெனவே செங்குத்தாக நிற்கும் ஷாஃப்டை இன்னும் சாய்ப்பது, ஷாஃப்டை மடங்கியபடி சுற்றவிடும் யூ-ஜாயின்டுக்குச் செய்யும் துரோகம். டானா 60-ஐ ஐந்து நிமிடம் பேசினோம். அதன் 9.75 அங்குல கிரௌனுக்கான பெருத்த வயிறு 35 அங்குல டயருக்குக் கீழே பாறையில் இடிக்கும்; எடையும் அதிகம். 38, 40 அங்குல டயர்க்காரர்களின் சமாசாரம்.

மிஞ்சியது 1995 முதல் 2001 வரை வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8. டிஜே ஆட்கள் இதைத் தேடி ஓடுவதற்குக் காரணம் பலம் மட்டுமல்ல. சக்கரத்தின் ஐந்து போல்ட் வட்டம் ஜீப்பில் இருக்கும் அதே 4.5 அங்குலம், நட்டு கூட அதேதான். டிஸ்க் பிரேக்கோடு வரும். அகலம் ஜீப்பின் ஆக்ஸிலைவிட ஓர் அங்குலம்தான் குறைவு. குழாயின் விட்டம் 3.25 அங்குலம். அந்தக் காலத்தில் ஊர்ப்பட்ட எக்ஸ்ப்ளோரர் விற்றது, ஆகவே எந்தக் காயலான் கடைக்குப் போனாலும் ஒன்று கிடக்கும்.

குறை? இதுவும் சி-கிளிப்தான். இதை மறைத்துப் பேசுபவர்கள் உண்டு, நான் மறைக்க மாட்டேன். ஷாஃப்ட் முறிந்தால் இதிலும் சக்கரம் வெளியே வரப் பார்க்கும். டிஸ்க்கைக் கவ்வியிருக்கும் காலிப்பர் கொஞ்சம் தடுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான் ஆறுதல். இன்னொரு குறை, ஹவுசிங்கில் இருக்கும், சஸ்பென்ஷனை மாட்டும் பிராக்கெட் ஒன்று கூட ஜீப்புக்குப் பொருந்தாது. எல்லாம் வெட்டி எடுத்து, புதிதாக வெல்ட் செய்ய வேண்டும்.

தம்பி கணக்கை நிமிர்த்தியது இன்னொரு விஷயம். 3.07 விகிதத்தில் 35 அங்குல டயர் போட்டால் கியர் எல்லாம் நீண்டுவிடும். ஐ-17 நெடுஞ்சாலையில் ஃபீனிக்ஸிலிருந்து ஃபிளாக்ஸ்டாஃப் ஏறும்போது ஐந்தாவது கியர் வெறும் அலங்காரம். மணிக்கு 105 கிலோமீட்டரில் எஞ்சின் 1,500 சுற்றில் திணறும். எப்படியும் விகிதத்தை மாற்றித்தான் ஆக வேண்டும். பின்னால் மாற்றினால் முன்னாலும் அதே விகிதம் வேண்டும், இல்லையென்றால் நான்கு சக்கர ஓட்டத்தில் இரண்டு ஆக்ஸிலும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். கிரௌன் பினியன் செட் இரண்டு வாங்கி, விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து செட் செய்தால் செலவு ஆக்ஸில் விலையைத் தாண்டும்.

இங்கேதான் ஒரு பழைய தந்திரம் கைகொடுத்தது. நான்கு சிலிண்டர் மேனுவல் டிஜேக்குக் கம்பெனியே 4.10 விகித டானா 30-ஐ முன்னால் போட்டு அனுப்பியது. எக்ஸ்ப்ளோரர்களிலும் சிலவற்றில் 4.10 உண்டு. இரண்டையும் முழுசாகக் காயலான் கடையில் எடுத்துவிட்டால் கிரௌன் பினியன் மேல் கையே வைக்க வேண்டாம். 35 அங்குல டயருக்கு 4.56 இன்னும் நன்றாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் 4.10 போட்டாலே பழைய 28 அங்குல டயரில் 3.28 விகிதம் இருந்தது போன்ற இழுவை வந்துவிடும். கம்பெனி கொடுத்ததைவிடக் கொஞ்சம் மேல்.

நான்கு வாரம் அலைந்தோம். ஹவுசிங் மூடி போல்ட்டில் தொங்கும் சின்னத் தகட்டைத் துடைத்துத் துடைத்துப் படிப்பதுதான் வேலை. 3.55, 3.73 என்றே வந்தது. ஐந்தாவது கடையில், ஒரு கதவில்லாத எக்ஸ்ப்ளோரருக்குக் கீழே படுத்திருந்த தம்பி கத்தினான்: "அண்ணா, 4L10!" நடுவில் இருக்கும் அந்த எழுத்து, லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் என்பதற்கான அடையாளம்; ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதற்கும் கொஞ்சம் விசை போகும்.

பட்டறையில்

முதல் வேலை, குழாயை நடு வார்ப்போடு சேர்த்து வெல்ட் செய்வது. கம்பெனியில் குழாயை வார்ப்பிரும்புக்குள் அழுத்திச் செருகி, துளை வெல்டால் மட்டும் பிடித்திருப்பார்கள். கடும் முறுக்கில் குழாய் வார்ப்புக்குள்ளேயே சுழன்றுவிடும். வார்ப்பிரும்பைப் பச்சையாக வெல்ட் செய்தால் பக்கத்திலேயே விரிசல் விடும். சூடு காட்டி, ஒரு விரல் நீளம் இங்கே, ஒரு விரல் நீளம் எதிர்ப்பக்கம் என்று மாற்றி மாற்றி அடித்து, வெல்டிங் போர்வை சுற்றி மெல்ல ஆறவிட வேண்டும். ஒரே மூச்சில் சுற்றி அடித்தால் குழாய் வாழைப்பழம் போல் வளைந்துவிடும்.

எங்கள் தவறு பிராக்கெட்டில் நடந்தது. ஆக்ஸிலைத் தூக்கிப் பிடித்து, பினியனை டிரான்ஸ்ஃபர் கேஸை நோக்கித் திருப்பி, பிராக்கெட்டுகளுக்கு டேக் (தற்காலிகப் புள்ளி வெல்ட்) மட்டும் வைத்தோம். கோணமானி நாங்கள் நினைத்த அளவையே காட்டியது. முழு வெல்ட் அடிக்கக் கையை எடுத்தபோதுதான் நினைவு வந்தது, வண்டி ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்பிரிங் முழுசாக நீண்டிருக்கும்போது எடுத்த கோணம் அது. டயர் மாட்டித் தரையில் இறக்கி அளந்தால் மூன்று டிகிரி வித்தியாசம். டேக்கை எல்லாம் கிரைண்டரில் அறுத்துவிட்டு, வண்டி தன் பாரத்தில் நிற்கும்போது மறுபடியும் வைத்தோம். மேல்முனையில் இரட்டை ஜாயின்ட் இருக்கும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டுக்கு பினியன் நேராக டிரான்ஸ்ஃபர் கேஸைப் பார்க்க வேண்டும். மிதிக்கும்போது பினியன் மூக்கைத் தூக்கும் என்பதால் ஒரு டிகிரி குனிந்து பார்த்தால் நல்லது. அரை நாள் போனது. முழு வெல்டுக்குப் பிறகு தெரிந்திருந்தால் ஆக்ஸிலே போயிருக்கும்.

மற்றதெல்லாம் சில்லறை வேலை. லிமிடெட் ஸ்லிப்பின் கிளட்ச் தட்டுகளைப் புதிதாகப் போட்டோம், அதற்கான ஆயில் சேர்க்கையோடு. ஹேண்ட் பிரேக் கேபிள் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றது. ஸ்பீடோமீட்டர் கியரை மாற்றினோம்.

முன்னால் எதை விட்டுவைத்தோம்

தம்பிக்கு இப்போது முன்னாலும் கலப்பு எஃகு ஷாஃப்ட், லாக்கர் எல்லாம் வேண்டும் என்று ஆசை. 2003-ல் வந்த ரூபிகான் மாடலின் முன் டானா 44 கிடைத்தால் போடலாமா என்று கேட்டான். அந்த ஆக்ஸிலின் நடுப்பகுதிதான் 44. வெளிப்பக்கத்தில் சக்கரத்தோடு திரும்பும் நக்கிள், அதைத் தாங்கும் பால் ஜாயின்ட், யூ-ஜாயின்ட் எல்லாம் டானா 30-ல் இருப்பவையே. 35 அங்குல டயர் முதலில் தின்பது அந்த வெளிப்பக்கத்தைத்தான்.

நான் வேண்டாம் என்றேன். எங்கேயாவது ஒன்று உடையத்தான் போகிறது. அது எங்கே உடைய வேண்டும் என்பதை நாமே தேர்ந்தெடுப்போம் என்பது என் கட்சி. முன் யூ-ஜாயின்ட் உடைந்தால் தடத்திலேயே மாற்றலாம், சக்கரம் கழன்று ஓடாது, வண்டி பின் சக்கரத்தில் வீடு வந்து சேரும். முன்னால் லாக்கர் இல்லாமல் திறந்தே விட்டோம். நல்ல தரமான, கிரீஸ் முனை இல்லாத கெட்டி ஜாயின்ட் போட்டு, பழைய டானா 30-லிருந்து எடுத்த ஷாஃப்டுகளுக்கும் ஜாயின்ட் மாட்டித் தயாராக வண்டியில் வைத்தோம். அதோடு 36 மில்லிமீட்டர் சாக்கெட்டும், ஹப் போல்ட்டுக்கான 13 மில்லிமீட்டர் பன்னிரண்டு முனை சாக்கெட்டும். இந்த இரண்டும் இல்லாமல் உபரி ஷாஃப்டைச் சுமப்பது வெறும் பாரம்.

பதினான்கு மாதம் கழித்து

ஃபீனிக்ஸுக்கு வடக்கே டேபிள் மேசாவில் வலது முன் ஜாயின்ட் போனது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துக்கொண்டு மிதித்ததால் வந்தது. ஜாக்கி வைத்து, சக்கரம் கழற்றி, ஹப்பை உருவி, வேறு ஷாஃப்டைச் செருகி மறுபடி கிளம்ப முக்கால் மணி நேரம். பக்கத்தில் நின்றவர்கள் டீ போட்டுக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு பின் 8.8-ஐயும் திறந்து பார்த்துவிடலாம் என்று தோன்றியது. மாட்டும் முன் இரண்டு ஷாஃப்டின் நீளத்துக்கும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு நேர்கோடு போட்டிருந்தோம். கீறிக் கோடு போட்டால் அந்தக் கீறலிலேயே விரிசல் பிறக்கும், அதனால் பெயிண்ட். ஷாஃப்ட் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டால் கோடு சாய்ந்து காட்டிக்கொடுத்துவிடும்.

வலது பக்கம் கோடு நூல் பிடித்தது போல் நேர். இடது பக்கம், ஸ்பிளைன் தொடங்கும் இடத்தில் மட்டும், ஒரு மயிரிழை சாய்வு. விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். இருக்கிறது என்கிறேன் நான், பெயிண்ட் போட்ட கை நடுங்கியிருக்கும் என்கிறான் தம்பி. ஒரு ஜோடி கலப்பு எஃகு ஷாஃப்டுக்குச் சொல்லிவைத்திருக்கிறோம். 37 அங்குல டயர் பற்றி அவன் கொஞ்ச நாளாகப் பேசுவதில்லை.